முதல் கிலோமீட்டர் ஹீரோக்கள்

நம்ம ஊர்ப்பக்கம் அஞ்சு கிலோமீட்டர் ஓடினாலும் அதுக்குப் பேரு மாரத்தான் தான். மூணு கிலோமீட்டர்னா மினி மாரத்தான். "42.195 கிலோமீட்டர் ஓடினாத்தான்யா மாரத்தான்"னு யாராவது சொன்னா, வந்துட்டாருய்யா பெரிய இவருன்னு ஒரு பார்வை பாப்பாங்க. போகட்டும். நான் இங்க மல்லுக்கட்ட வந்தது பேரைப் பத்தி இல்ல. முதல் கிலோமீட்டரைப் பத்தி.

புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதின்னு எங்க சாலை ஓட்டம் நடந்தாலும் ஒரே படம் தான் திரும்பத் திரும்ப ஓடுது. கொடி அசைஞ்சதும் முன்வரிசைப் பசங்க வெறிநாய் துரத்தின மாதிரி பறப்பானுங்க. ரோட்டோரம் நிக்கற சனம் விசிலடிக்கும். டீக்கடை வாசல்ல நிக்கறவரு "இந்தப் பச்சை பனியன்காரன் தான்யா ஜெயிப்பான்"னு தீர்ப்பு எழுதிடுவாரு. ஒண்ணரை கிலோமீட்டர்ல அந்தப் பச்சை பனியன் இடுப்புல கையை வெச்சுக்கிட்டு நிக்கும். ரெண்டரையில நடக்கும். மூணரையில பின்னாடி வர்ற பைக்ல ஏறிக்கும். கடைசியில பரிசு வாங்கறது, தொடக்கத்துல யார் கண்ணுலயும் படாம பத்தாவது இருபதாவது ஆளா போன ஒருத்தன்.

நான் ஒண்ணும் பரிசு வாங்கற ஆள் இல்லீங்க. அம்பது பேர் ஓடினா முப்பதுக்கு மேல தான் வருவேன். ஆனா பின்னாடி ஓடறதுல ஒரு சௌகரியம் இருக்கு. முன்னாடி போன எல்லாரையும் வரிசையா பாத்துக்கிட்டே போகலாம் :-) அப்படிப் பல வருஷமா பாத்ததுல எனக்கு உறுதியான விஷயம் இதுதான்: அஞ்சு, பத்து கிலோமீட்டர் ஓட்டத்துல நம்ம பசங்க தோக்கறது தெம்பு இல்லாம இல்ல. கணக்கு இல்லாம.

இது குறுகிய தூரம் தானேன்னு நினைக்கறதுல தான் குழப்பமே ஆரம்பிக்குது. 800 மீட்டர்ல முதல் சுத்து வேகமா, ரெண்டாவது சுத்து கொஞ்சம் மெதுவா ஓடறது சரியான ஓட்டம் தான். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல டேவிட் ருடிஷா 1:40.91-ல உலக சாதனை வெச்சப்போ முதல் 400 மீட்டர் 49.28 வினாடி, அடுத்த 400 மீட்டர் 51.63. ஆனா அஞ்சு கிலோமீட்டர்னு வந்துட்டா கதையே வேற. 2020 ஆகஸ்ட்ல மொனாக்கோவுல ஜோஷுவா செப்டேகெய் 5000 மீட்டரை 12:35.36-ல ஓடினாரே, வகுத்துப் பாருங்க, ஒரு கிலோமீட்டருக்கு 2 நிமிஷம் 31 வினாடி. அஞ்சு கிலோமீட்டரையும் ஏறக்குறைய அதே அளவுல தான் ஓடினார். டிராக் ஓரத்துல வேகத்தைக் காட்டற விளக்கு வரிசை அவர் கூடவே ஓடிச்சு. உலகத்துலயே வேகமான மனுஷனுக்கே விளக்குப் போட்டு "இதுக்கு மேல போகாதே, இதுக்குக் கீழ வராதே"ன்னு சொல்ல வேண்டியிருக்கு. நம்ம பசங்க சாமி மேல பாரத்தைப் போட்டுட்டு ஓடறாங்க.

உடம்பு ஏன் நம்மளை ஏமாத்துதுன்னும் சொல்லிடறேன். ஓட ஆரம்பிக்கற முதல் சில வினாடிகளுக்குத் தேவையான சக்தி தசையிலேயே தயாரா இருக்கு. அதுக்கு மூச்சுக்காத்து வேண்டாம். அதனால முதல் நூறு, இருநூறு மீட்டர்ல எந்த வேகமும் சுலபமாத் தான் தெரியும். நுரையீரலும் இதயமும் முழு வேலைக்கு வர ஒண்ணு, ரெண்டு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள நாம கண்மண் தெரியாம ஓடிட்டா, அவ்வளவும் கடன். அந்தக் கடனோட தான் ரெண்டாவது கிலோமீட்டருக்குள்ள போறோம். வட்டியை மூணாவதுலயும் நாலாவதுலயும் கட்டணும். மீட்டர் வட்டி தான், சந்தேகமே வேண்டாம்.

கணக்கைப் பாப்போம். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம்ங்கறதைத் தான் ஓட்டக்காரங்க 'பேஸ்'னு சொல்றாங்க. 25 நிமிஷத்துல அஞ்சு கிலோமீட்டர் ஓடற தெம்பு உள்ள பையன்னு வெச்சுக்கங்க. அவன் பேஸ் 5:00. அவன் ஓட வேண்டியது இப்படி: முதல் கிலோமீட்டர் 5:08. ரெண்டு, மூணு, நாலு, மூணுமே 5:00. கடைசி 4:52. கூட்டினா சரியா 25 நிமிஷம். நம்ம பையன் நிஜமா ஓடறது எப்படி இருக்கும்னா: முதல் கிலோமீட்டர் 4:10, அடுத்தது 4:50, அப்புறம் 5:30, 5:50, உயிரைக் குடுத்து கடைசி 5:30. மொத்தம் 25:50. முதல் கிலோமீட்டர்ல 50 வினாடி லாபம் சம்பாதிச்சவன், கடைசியில 50 வினாடி நஷ்டத்துல வந்து நிக்கறான். அதுவும் நாக்குத் தள்ளி.

இதுல கஷ்டமான இடம் எதுன்னு கேட்டா முதல் கிலோமீட்டர் இல்ல, நாலாவது. மூணு வரைக்கும் சமாளிச்சுடலாம். கடைசி கிலோமீட்டர்ல கூட்டம் தெரியும், மைக் சத்தம் கேக்கும், தானா கால் ஓடும். நாலாவதுல ஒண்ணுமே கிடையாது. வெறும் ரோடு, வெயில், முன்னாடி போறவன் முதுகு. திட்டம் போட்டவனுக்கும் போடாதவனுக்கும் வித்தியாசம் தெரியற இடம் அதுதான். போடாதவன் அங்க வேகத்தை விட்டுடுவான், அதுவும் அவனுக்கே தெரியாம.

"அண்ணே, மெதுவாப் போனா முன்னாடி போறவனை அப்புறம் எப்படிப் பிடிக்கறது? நம்ம லட்சுமணன் அண்ணன் எல்லாம் முன்னாடி கூட்டத்தோட தானே ஓடுவாரு?"ன்னு ஒருத்தன் என்கிட்ட கேட்டான். நல்ல கேள்வி தான். கோவிந்தன் லட்சுமணன் நம்ம மாவட்டத்துக்காரர். 2017 ஜூலையில புவனேஸ்வர்ல நடந்த ஆசியத் தடகளப் போட்டியில 5000, 10000 மீட்டர் ரெண்டுலயும் தங்கம் வாங்கினார். ஆனா அந்த 5000 மீட்டரை அவர் ஜெயிச்ச நேரம் தெரியுமா? 14:54.48. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2:59. அடுத்த மாசமே லண்டன்ல உலகப் போட்டியோட தகுதிச் சுத்துல அதே தூரத்தை 13:35.69-ல ஓடினார். கிலோமீட்டருக்கு 2:43. ஒரே மனுஷன், ஒரே தூரம், ஒரு மாச இடைவெளி, 79 வினாடி வித்தியாசம். இதுல வேடிக்கை என்னன்னா, மெதுவா ஓடினதுக்கு தங்கம் கிடைச்சது, வேகமா ஓடினதுக்கு இறுதிப் போட்டிக்கே போக முடியல.

புவனேஸ்வர்ல நடந்தது பதக்க ஓட்டம். யாரும் முன்னாடி இழுக்க விரும்பாம கூட்டமாவே ஓடுவாங்க, ஒருத்தரை ஒருத்தர் நோட்டம் பாப்பாங்க, கடைசியில எவன் வேகம் எடுக்கறானோ அவனுக்குத் தங்கம். லண்டன்ல முன்னாடி ஓடினவங்க வேகத்துக்கு ஈடு குடுத்தே ஆகணும். ரெண்டுலயும் லட்சுமணன் எந்த மாதிரி ஓட்டம்னு தெரிஞ்சு தான் ஓடினார். முன்னாடி கூட்டத்தோட அவர் ஓடறார்னா, அந்தக் கூட்டத்தோட வேகம் அவருக்கு சுலபம்னு அர்த்தம். உனக்கும் எனக்கும் அது சுலபம் இல்லையே தம்பி. ஊர் ஓட்டத்துல பரிசுக்கு மோதறவங்க அஞ்சு பேர் இருப்பாங்க. அவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்து ஓடட்டும். மிச்சம் இருக்கற நாம எல்லாம் கடிகாரத்தைத் தான் பாக்கணும்.

நம்ம மண்ணுல நெடுந்தூர, நடுத்தூர ஓட்டத்துக்கு ஆளுக்குப் பஞ்சமே இல்ல. 2016 குவாஹாத்தி தெற்காசியப் போட்டியில 5000, 10000 ரெண்டுலயும் தங்கம் வாங்கின லோகநாதன் சூர்யா நம்ம மாவட்டம். 2006 தோஹா ஆசியப் போட்டியில 800 மீட்டரை 2:03.16-ல ஓடி ரெண்டாவதா வந்த கத்தக்குறிச்சி சாந்தி நம்ம மாவட்டம். (அந்த வெள்ளியை அவங்ககிட்டேர்ந்து பறிச்ச கதையை எழுத ஆரம்பிச்சா இந்தப் பதிவு வேற எங்கயோ போயிடும். எனக்கு அந்தக் கோவம் இன்னும் ஆறல.) இவ்வளவு பேரைக் குடுத்த ஊர்ல, கிராமத்துப் பசங்களுக்கு "முதல் கிலோமீட்டர்ல அடங்கி ஓடு"ன்னு சொல்லக்கூட ஆள் இல்லைங்கறது தான் என் ஆத்தாமை.

இது ஏதோ ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்குன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. நம்ம பக்கம் விடியக்காலையில ரோட்டுல ஓடற பசங்கள்ல பாதிப் பேரு மெடலுக்காக ஓடறவன் இல்ல. போலீஸ் வேலைக்கு ஓடறவன். ரெண்டாம் நிலைக் காவலர் தேர்வுல ஆண்களுக்கு 1500 மீட்டர் ஓட்டம் இருக்கு, 7 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும். அது வெறும் தகுதி ஓட்டம். அஞ்சு நிமிஷத்துல ஓடினாலும் ஆறே முக்கால்ல ஓடினாலும் ஒண்ணு தான், கூடுதல் மார்க் எதுவும் கிடையாது. ஏழு நிமிஷம் ஒரு வினாடி ஆனா வீட்டுக்குப் போகலாம். எழுத்துத் தேர்வுக்கு ராத்திரி பகலா படிச்சதெல்லாம் அங்கயே முடிஞ்சுது.

எங்க தெருப் பையன் ஒருத்தன் இதுல மாட்டிக்கிட்டு முழிச்சான். அப்பாவுக்கு கொத்தனார் வேலை. பையன் எழுத்துத் தேர்வுல தேறிட்டான், ஓட்டம் தான் வரல. "எனக்கு மூச்சு பத்தலை சித்தப்பா, பொறவியிலேயே அப்படித்தான் போல"ங்கறான். சரி ஓடிக் காட்டுறான்னு கூட்டிட்டுப் போய் 400 மீட்டர் சுத்துல ஓட விட்டு, கையில ஸ்டாப்வாட்ச்சோட நின்னேன். முதல் சுத்து 1:18. ரெண்டாவது 1:50. மூணாவது 2:12. மிச்சம் 300 மீட்டர் 1:52, அதுல பாதி நடை. மொத்தம் 7:12.

மூச்சு பத்தாதவன் முதல் சுத்தை 1:18-ல ஓட முடியுமா? உக்கார வெச்சு கணக்குப் போட்டுக் காட்டினேன். 1500 மீட்டர்ங்கறது மூணே முக்கால் சுத்து. ஏழு நிமிஷம்னா 420 வினாடி. வகுத்தா சுத்துக்கு 112 வினாடி, அதாவது 1:52. நீ முதல் சுத்துல 34 வினாடி வீணாக்கறே, அதை மாரு வலிக்க வலிக்க திருப்பிக் கட்டறேன்னேன். "1:45-க்கு முன்னாடி முதல் சுத்தை முடிச்சியோ, நாளைலேர்ந்து நான் வர மாட்டேன்"னு மிரட்டல் வேற. பையனுக்குக் கோவம். கூட ஓடற பசங்க எல்லாம் பறக்கறப்போ இவன் மட்டும் கடைசியில போறது அவமானமா இருக்குதாம். ரெண்டு வாரம் கழிச்சு ஓடினான் பாருங்க: 1:45, 1:48, 1:50, கடைசி 300 மீட்டர் 1:17. மொத்தம் 6:40. ரெண்டு வாரத்துல எந்த மனுஷனுக்கும் நுரையீரல் வளராது. மாறினது முதல் சுத்து மட்டும் தான்.

அவன் தேர்வு எப்படி ஆச்சுன்னு கேப்பீங்க. இன்னும் தேதி வரல. வந்ததும் சொல்றேன்.

அந்த அவமானம்ங்கற வார்த்தையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கணக்கு தெரியாதது பாதிப் பிரச்சனை தான். மீதிப் பாதி இது. தொடக்கத்துல பின்னாடி இருக்கறதை நம்ம பசங்களால தாங்க முடியல. தெரிஞ்சவன் பாக்கறான், கூடப் படிக்கற பொண்ணு பாக்குது, செல்போன்ல படம் எடுக்கறானுங்க. படத்துல முன்னாடி இருக்கணும்! பொண்ணுங்க இதுல எவ்வளவோ தேவலை. நான் பாத்த வரைக்கும் ஸ்கூல் பொண்ணுங்க தொடக்கத்துலேர்ந்து ஒரே சீரா வருவாங்க, மூணாவது கிலோமீட்டர்ல அண்ணன்மாரை எல்லாம் ஓரங்கட்டிட்டு அமைதியாப் போயிட்டே இருப்பாங்க.

இத்தனைக்கும் இந்த சூட்சுமம் நம்ம ஊருக்குப் புதுசும் இல்லீங்க. மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் பாக்காதவங்க நம்ம மாவட்டத்துல உண்டா? பெரிய மாடுன்னா போக வர எட்டு மைல் கூட வெப்பாங்க. எடுத்த எடுப்புல மாட்டை விரட்டு விரட்டுன்னு விரட்டற சாரதியைப் பாத்து, "இவன் திரும்பி வர்றப்போ மாட்டைத் தூக்கிட்டுத் தான் வரணும்"னு பெருசுங்க சிரிப்பாங்க. நல்ல சாரதி கயிறைப் பிடிச்சு நிதானமாக் கொண்டு போயி, திரும்பி வர்றப்போ தான் விடுவான். மாட்டுக்குத் தெரிஞ்ச கணக்கை மகனுக்குச் சொல்லிக் குடுக்க மறந்துட்டாங்க பெருசுங்க.

பசங்களை மட்டும் குத்தம் சொன்னா நியாயம் இல்ல. போட்டி நடத்தறவங்களுக்கும் நாலு வார்த்தை இருக்கு. ஒருமுறை நான் கலந்துக்கிட்ட ஒரு ஓட்டத்துல (எதுன்னு கேக்காதீங்க) ஆறு மணிக்கு ஆரம்பம்னு நோட்டீஸ். பசங்க அஞ்சரைக்கே வந்து உடம்பை சூடு பண்ணி ரெடியாயிட்டாங்க. சிறப்பு விருந்தினர் வந்து கொடி அசைச்சப்போ மணி ஏழு பத்து. அதுவும் ஏப்ரல் மாசம். சூடு பண்ணின உடம்பு ஆறிப் போச்சு, வெயில் தான் சூடாயிடுச்சு. கஜா புயல்ல 2018 நவம்பர்ல மாவட்டம் பூரா மரம் சாஞ்சதுக்கு அப்புறம் பல ரோட்டுல நிழலும் குறைஞ்சு போச்சு. வெயில்ல ஓடறப்போ உடம்பைக் குளிர வைக்க ரத்தத்துல ஒரு பங்கு தோலுக்குப் போயிடும், காலுக்கு வர்றது குறையும். புழுக்கமும் சேர்ந்தா வேர்வை காயாது, சூடு உள்ளேயே தங்கும். அதனால குளிர்ந்த நாள்ல போட்ட பேஸ் கணக்கை வெயில் நாள்ல அப்படியே வெச்சுக்காதீங்க. நான் கிலோமீட்டருக்கு பத்து, பதினஞ்சு வினாடி தள்ளுபடி குடுத்துடுவேன். கடிகாரம் இல்லாதவங்களுக்கு ஒரு வழி: முதல் கிலோமீட்டர்ல பக்கத்துல ஓடறவன்கிட்ட நாலு வார்த்தை சேந்தாப்ல பேச முடியணும். முடியலைன்னா நீங்க போறது உங்க வேகம் இல்ல.

இன்னொண்ணு தூரம். அஞ்சு கிலோமீட்டர்னு சொல்லி பைக் மீட்டரைப் பாத்து அளந்து விட்டுடறாங்க. வெளியில பெரிய போட்டிகளுக்கு சைக்கிள் சக்கரத்துல ஒரு எண்ணும் கருவியை மாட்டி, வளைவுகளை எல்லாம் ஒட்டி ஒட்டிப் போயி அளப்பாங்க. அப்பவும் குறைஞ்சுடக் கூடாதேன்னு ஆயிரத்துக்கு ஒண்ணு கூடச் சேப்பாங்க, அஞ்சு கிலோமீட்டருக்கு அஞ்சு மீட்டர். அவ்வளவு துல்லியம் நான் கேக்கல. கிலோமீட்டருக்கு ஒரு பலகை. அது போதும். பலகை இல்லாத ரோட்டுல பையன் எந்த வேகத்துல போறான்னு அவனுக்கு எப்படித் தெரியும்? எல்லார் கையிலயும் ஜிபிஎஸ் வாட்ச்சா இருக்கு? பாதிப் பேருக்கு கால்ல ஷூவே இல்ல.

காசு இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. நான் மேல சொன்ன அதே ஓட்டத்துல வருக வருகன்னு ரோடு பூரா ஃப்ளெக்ஸ். எண்ணிக்கிட்டே ஓடினேன், பதினேழு. எல்லாத்துலயும் கும்பிட்ட கை. அதுல நாலே நாலை எடுத்துத் திருப்பிப் போட்டு, முதுகுல 1, 2, 3, 4-ன்னு பெயிண்ட்ல எழுதி நட்டிருந்தா சோலி முடிஞ்சுது. கும்பிட்டவங்களும் கோவிச்சுக்க மாட்டாங்க, இன்னும் பதிமூணு இருக்கே!

பி.கு: பத்து கிலோமீட்டருக்கும் சொல்லுங்கன்னு கேக்கறவங்களுக்கு: ஒரு மணி நேரம் இலக்குன்னா முதல் கிலோமீட்டர் 6:10, ரெண்டாவது 6:05, மூணுலேர்ந்து எட்டு வரைக்கும் 6:00, ஒன்பது 5:55, பத்து 5:50. கூட்டிப் பாத்துக்கங்க, சரியா அறுபது நிமிஷம். உங்க இலக்கு வேறன்னா நடுவுல இருக்கற 6:00-ஐ மாத்திக்கிட்டு மத்ததை அதே அளவு நகத்திக்கங்க. உள்ளங்கையில பேனாவால எழுதிக்கிட்டு ஓடாதீங்க, மூணாவது கிலோமீட்டர்ல வேர்வையில அழிஞ்சுடும். முழங்கைக்குக் கீழ, வெளிப்பக்கமா எழுதுங்க.